பாட்டா நினைவு மலர்: மலையாளப் பிரமாணம், பழைய படம், கேசட் எல்லாம் இருக்கு, எங்க தொடங்க?

விளவங்கோட்டுப் பேரன்

பாட்டா போய் வர்ற மாசியோட ஒரு வருஷம் ஆகுது. நினைவு ஆராதனைக்கு வர்றவங்க கையில குடுக்க 32 பக்கத்துல ஒரு மலர் போடணும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி வேண்டாம். அவர் எங்க, என்ன வேலை செஞ்சு, எப்படி வாழ்ந்தார்னு கொள்ளுப்பேரன்மார் படிச்சாலும் தெரியணும். முதல்ல பனையேத்தம், பொறவு ரப்பர் பால்வெட்டு.

இருக்கது இவ்வளவுதான்: மலையாளத்துல எழுதின பிரமாணம் (நிலப் பத்திரம்) ரெண்டு (ஒண்ணு அவரோட அப்பா பேர்ல, 1112 விருச்சிகம்; இன்னொண்ணு பாட்டா பேர்ல, 1131 மகரம், வயசு 22), பசை ஆல்பம் ஒண்ணு, கண்ணாடியில ஒட்டிப்போன கல்யாணப் படம், அவர் பேசின 60 நிமிஷ கேசட். பிறந்த தேதி ரேஷன் கார்டுல ஒண்ணு, ஆதார்ல வேறொண்ணு.

குழித்துறை வாத்தியார்

தேதியில தொடங்குங்க தம்பி. அது நேராகாம வரிசையா எதையும் எழுத முடியாது.

பிரமாணத்துல இருக்க 1112, 1131 எல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அது சிங்ஙம் மாசம் 1-ல, அதாவது ஆகஸ்டு நடுவுல பிறக்கும். இங்கிலீஷ் வருஷம் வேணும்னா: சிங்ஙத்துல இருந்து தனு மாசம் பாதி வரைக்கும் 824 கூட்டணும். தனு பின்பாதியில இருந்து கர்க்கடகம் முடிய 825. பலரும் எல்லாத்துக்கும் 825 கூட்டி ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருவாங்க. சரிபார்க்க ஒரு தேதி வச்சுக்கிடுங்க: திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாம் 27, அது 1936 நவம்பர் 12. அப்போ உங்க முதல் பிரமாணம் 1936 நவம்பர்-டிசம்பர். ரெண்டாவது 1956 ஜனவரி-பிப்ரவரி, நம்ம தாலுகா தமிழ்நாட்டோட சேர்ந்த 1956 நவம்பர் 1-க்குக் கொஞ்சம் முன்ன. மலையாளத்துல இருக்கதுக்கும் அதுதான் காரணம்.

அதுல வயசு 22-ன்னா பிறப்பு 1933 அல்லது 1934. நடப்பு வயசையே எழுதுற வழக்கமும் உண்டு, அதனால ஒரு வருஷம் அங்கிங்க போகும். அடுத்தது சபைப் பதிவேடு. அதுல ஞானஸ்நான தேதியும் பிறந்த தேதியும் தனித்தனிக் கட்டத்துல இருக்கான்னு பாருங்க. ஞானஸ்நான தேதியைப் பிறந்தநாளா போட்டிரக்கூடாது. எதுவும் ஒத்து வரலைன்னா "1934-ஐ ஒட்டி"ன்னு எழுதுங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்கு ஆதார் வரைக்கும் வந்திருக்கு.

பிரமாணத்தை மலையாளம் நல்லா படிக்கிறவர் ஒருத்தர்கிட்ட முழுசா வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க. நாலெல்லையில பக்கத்து நிலக்காரங்க பேரு, நிலத்துல நின்ன பனை, பிலா, தெங்கு (தென்னை) எல்லாம் இருக்கும். ஒரு குடும்பத்தோட 1936 நிலவரம் அதுலதான் கிடக்கு. மலர்ல படமா போடும்போது சர்வே நம்பரையும் உயிரோட இருக்கவங்க பேரையும் மறைச்சிருங்க. பங்குத் தகராறு எந்த வீட்டுலயும் தூங்கிக்கிட்டுதான் இருக்கும்.

பனங்காட்டான்

வாத்தியார் சொன்னது காகிதம். தொழிலைப் பத்தி ஆளுங்ககிட்டதான் கேக்கணும், அதுவும் சீக்கிரம். கூட பனையேறினவங்க எத்தனை பேரு மிச்சம் இருக்காங்கன்னு பாத்தாலே அவசரம் புரியும்.

"பாட்டா எப்படி இருந்தார்?"னு கேட்டா "நல்ல மனுசன்"னு ஒரே வரியில முடிஞ்சிரும். பனையேத்தச் சாமானைக் காட்டிக் கேளுங்க. அருவாப்பெட்டி, பாளை அருவா, கடிப்பு, தளைநார், முறுக்குத்தடி, கலயம் இதுல எது வீட்டுல கிடந்தாலும் கையில குடுத்திட்டு, "இதை எப்படிக் கட்டுவீங்க, எங்க செஞ்சு வாங்குனீங்க"ன்னு கேட்டா பேச்சு தானா வரும். பொறவு இதெல்லாம்: ஒரு நாளைக்கு எத்தனை பனை, யாரு விளை (தோப்பு), அக்கானி (பதநீர்) பங்கு பாதிப் பாதியா, நாள் மாத்தியா, பணமாவா? கலயத்துல சுண்ணாம்பு தடவுறது யாரு? (அது குறைஞ்சா அக்கானி புளிச்சுக் கள்ளாயிரும்.) பாளை எந்த மாசம் விடும், விடாத மாசத்துல சோத்துக்கு என்ன வழி?

கருப்பட்டி காய்ச்சினது பெரும்பாலும் பெண்கள். அதனால உங்க பாட்டி, அத்தைமாரைக் கேக்காம பாதிக் கதைதான் வரும். விறகு எங்க பொறுக்குனாங்க, பதம் எப்படிப் பாத்தாங்க, சிரட்டையில ஊத்துன கருப்பட்டியை யாரு சந்தைக்குச் சுமந்தாங்கன்னு கேளுங்க.

வருஷம் கேட்டா யாருக்கும் நினைவிருக்காது. "மாநிலம் சேர்ந்ததுக்கு முன்னயா? ரயில் வந்ததுக்குப் (1979) பொறவா? சுனாமிக்கு (2004), ஒக்கிப் புயலுக்கு (2017) முன்னயா?"ன்னு கேட்டா சொல்லிருவாங்க. ஒரே நேரத்துல நாலு பேரை உக்கார வைக்காதீங்க. மூத்தவர் சொல்லுறதுக்கு மத்தவங்க தலையாட்டிருவாங்க.

தக்கலை டிடிபி

படம், கேசட், அச்சு மூணுக்கும் சேத்துச் சொல்லுறேன்.

கண்ணாடியில ஒட்டின படத்தைப் பிய்க்கவும் கூடாது, தண்ணியில ஊற வைக்கவும் கூடாது. நம்ம ஊரு ஈரத்துல படத்தோட மேல்பூச்சே கண்ணாடியில பிடிச்சிருக்கும், இழுத்தா முகம் கண்ணாடியோட போயிரும். கண்ணாடியோடயே ஸ்கேனர்ல கவுத்து எடுங்க. பசை ஆல்பத்துல வராத படத்துக்கு, பல் இடுக்குல விடுற மெல்லிசு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு, ரம்பம் மாதிரி மெதுவா இழுக்கணும். அப்பவும் வரலைன்னா பக்கத்தோடயே ஸ்கேன் போதும்.

ஸ்கேன் துல்லியம் சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, ஸ்டாம்ப் சைஸுக்கு 1200. பின்பக்கத்தையும் எடுங்க, ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கதான் இருக்கும். சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்பினா "டாக்குமெண்ட்"டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோவா வந்தா சுருங்கி, அச்சுல மங்கிரும்.

கேசட்டு: முதல்ல ஜன்னல் வழியா நாடாவைப் பாருங்க. வெள்ளைப் பொடி மாதிரி பூசணம் இருந்தா எந்த பிளேயர்லயும் போடாதீங்க, ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவர்கிட்டதான் குடுக்கணும். நல்லா இருந்தா, மேல் விளிம்புல இருக்க ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைச்சிருங்க, தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்க நடுவுல இருக்க சின்னப் பஞ்சுத் துண்டு கழண்டு விழுந்திருந்தா குரல் அமுங்கித்தான் கேக்கும். நாடாவை வேற நல்ல கேசட் கூட்டுக்கு மாத்தணும். ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுத்தினபொறவு பதிவு பண்ணுங்க.

லேப்டாப் மைக் துளையில நேரா சொருகினா சத்தம் உடையும். யூஎஸ்பி ஆடியோ கேப்சர் ஒண்ணு வாங்கி, ஆடாசிட்டி மென்பொருள்ல 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பா எடுங்க. 60 நிமிஷத்துக்கு ஸ்டீரியோவுல சுமார் 600 எம்பி வரும். இரைச்சலைக் குறைக்கிற வேலையை நகல்ல மட்டும் செய்யுங்க.

அச்சு: ஏ5 அளவு, நடுவுல பின் அடிக்கிறதுன்னா பக்கம் 4-ஆல வகுபடணும், உங்க 32 சரி. உள்பக்கம் 90 ஜிஎஸ்எம் (காகிதக் கனம்) மேப்லித்தோ காகிதம், படம் அதிகம்னா 130 ஆர்ட் பேப்பர், அட்டை 250. படிக்கப்போறது பெரியவங்களும்தான், எழுத்து 13 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். முக்கியமா: யூனிகோட்ல அடிச்சதை சில அச்சகத்துல பழைய எழுத்துருவுக்கு மாத்துவாங்க. அப்போ கொம்பும் காலும் இடம் மாறும், "ொ", "ோ" வர்ற இடமெல்லாம் குழம்பும். எழுத்துரு பதிஞ்ச பிடிஎஃபா நீங்களே குடுங்க. புரூஃபைக் காகிதத்துல வாங்கி, பேரையும் தேதியையும் வேற ஒருத்தரை வச்சு உரக்க வாசிக்கச் சொல்லுங்க.

விளவங்கோட்டுப் பேரன்

எல்லாருக்கும் நன்றி. கேசட்டுல பூசணம் இல்ல. குரலை மலர்ல க்யூஆர் கோடா போடலாம்னு சித்தப்பா சொல்லுறார். அதுல ஏதும் சிக்கல் உண்டா?

தக்கலை டிடிபி

உண்டு. இலவசமா க்யூஆர் செஞ்சு குடுக்கிற சில தளங்க நடுவுல அவங்க முகவரியை வச்சிருப்பாங்க. சந்தா கேட்டு நிறுத்தினா கோடு செத்துப்போகும். கோப்போட சொந்த முகவரி நேரா இருக்க நிலையான க்யூஆரா செய்யுங்க. 2 செ.மீ.க்குக் குறையாம, வெள்ளைப் பின்னணியில, மடிப்புல இருந்து தள்ளிப் போடுங்க. கூகுள் டிரைவ்ல வச்சா "இணைப்பு உள்ள எவரும்"னு மாத்த மறக்காதீங்க. அச்சுக்குக் குடுக்க முன்ன, குடும்பத்துல இல்லாத ஒருத்தர் போன்ல சோதிச்சுப் பாத்திருங்க.

பனங்காட்டான்

ஒரு மணி நேரத்தையும் யாரும் கேக்க மாட்டாங்க. பாட்டா தொழிலைப் பத்திப் பேசுற மூணு நாலு நிமிஷத்தை வெட்டிப் போடுங்க. அவர் சொன்னதை அப்படியே, நம்ம ஊர்ப் பேச்சைத் திருத்தாம, அதே பக்கத்துல அச்சடிச்சிருங்க. முழுக் கோப்பை ரெண்டு பென்டிரைவ்ல போட்டு ரெண்டு வீட்டுல வைக்கணும்.