பேர் இருக்கிறது, ஆள் வருவதில்லை: மனசை விட்டுப் போகாத ஒரு கூட்டம் உங்களுக்கும் உண்டா?

பழைய செயலாளர்

ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையில் 9 வருஷம் குறிப்பேடு எழுதியவன். வாரக்கூட்டம், செபம், அறிக்கை, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் காணிக்கை வாங்கும் இரகசியப் பை... எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. அது அவருக்கு நாலாவது வாரம். "வேறு ஏதாவது?" என்று தலைவர் கேட்டதும் கையைத் தூக்கினார். தூக்கினார் என்றுகூடச் சொல்ல முடியாது, மேசையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். நான் அதற்குள் கடைசி வரியை எழுதிவிட்டிருந்தேன்: "வேறு எதுவும் இல்லாததால் கூட்டம் செபத்துடன் நிறைவுற்றது." நிமிர்ந்தபோது அந்தக் கையைப் பார்த்தேன். எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. எல்லோரும் எழுந்து சிலுவை அடையாளம் போட்டோம். பாதியில் நின்ற அந்தக் கையும் அப்படியே நெற்றிக்குப் போனது.

அடுத்த வாரம் வந்தார். அதற்கப்புறம் வரவில்லை. என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவே இல்லை.

கத்தேனா

நான் மரியாயின் சேனை, மாதா பேரில் இயங்கும் இன்னொரு கத்தோலிக்க அமைப்பு. வாரம் 2 மணி நேரம் இரண்டு பேராகப் போய்ச் சந்திப்பு, அடுத்த பிரசீடியக் (எங்கள் கிளைக்கு அதுதான் பேர்) கூட்டத்தில் வாய்மொழி அறிக்கை. உங்களுக்காவது எழுதியதுதான் பிரச்சினை, எனக்குச் சொன்னது.

ஒரு வாரம் என்னோடு புதுசாக ஒரு பொண்ணை அனுப்பினார்கள். வெயில், எனக்குத் தலைவலி. ஒரு வீட்டு வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினோம், மொத்தம் பத்து நிமிஷம். கூட்டத்தில் என் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் சொன்னேன்: "நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறினோம், 2 மணி நேரம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாதா சுரூபத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவள் முறை. எழுந்து, "நோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் கூறினோம், 2 மணி நேரம்" என்றாள். அதே வார்த்தை, அதே இழுவை. நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

மூன்றாவது பெஞ்ச்

பழைய செயலாளர் அண்ணே, கோபப்படாதீர்கள். சொல்ல வேண்டியதை வாய்திறந்து சொல்லாதது அந்தத் தம்பி தப்பும்தானே? பெரிய ஆள் கையைக் கொஞ்சம் உயரத் தூக்கினால் என்ன?

என் கதை சின்னது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 42 பேர். வட்டாரக் கூட்டத்துக்கு அழைப்புப் போட்டேன், 31 கட்டைவிரல் வந்தது. ஆள் மூன்று. அதில் ஒருவர் சாவி வைத்திருந்தவர்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன், குழுவில் போட்டு ஆள் சேராது, ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். "வாங்க" என்றும் கூப்பிடக் கூடாது. "வியாழக்கிழமை இந்த வீட்டுக்கு என்கூட வர முடியுமா?" என்று கேட்க வேண்டும். 1833-இல் பாரிசில் ஓசானாம் இந்த வின்சென்ட் தே பவுல் சபையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 20. கூடவந்தவர்களும் அநேகமாக மாணவர்கள்தான். அவர்களிடம், பாரிஸ் ஏழைகளிடையே வேலை செய்த அருட்சகோதரி ரோசலி ரெந்து கொள்கை விளக்கமா கொடுத்தார்? போய்ப் பார்க்க வேண்டிய ஏழைக் குடும்பங்களைக் காட்டிவிட்டார். வீடு தெரிந்தால் கால் தானாகப் போகும். அப்புறம் கூட்டம் 100 பேரைத் தாண்டியதும், சபையைப் பிரிப்பதா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். பிரித்தார்கள், அதற்குப் பிறகும் வளர்ந்தது. 40 பேர் இருக்கும் அறையில் புது ஆள் எப்படிப் பேசுவார்? எட்டு பேர் இருந்தால் பேசாமல் தப்பிக்கவே முடியாது. தலைவர் கடைசியில் "வேறு ஏதாவது" என்று பொதுவாகக் கேட்பதையும் நிறுத்துங்கள், பேர் சொல்லிக் கேளுங்கள். பொருளாளர் பொறுப்பை ஒரே ஆள் பதினைந்து வருஷம் வைத்திருப்பது பற்றித் தனியாகவே எழுதலாம்...

குடை

மூன்றாவது பெஞ்ச், அண்ணன் ஆலோசனை கேட்கவில்லையே. கையை உயரத் தூக்க வேண்டுமாம்! நான் அந்தத் தம்பி மாதிரி ஒருத்தன். சேர்ந்த நாளிலிருந்து நாற்காலி அடுக்கினேன், மைக் கட்டினேன், பேச மட்டும் வாய்க்கவில்லை. நின்றுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு போன், ஆண்டு சந்தா பாக்கி என்று. இல்லம் சந்திப்பதுதான் எங்கள் சபையின் வேலையே, என் இல்லத்துக்கு யாரும் வரவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். மன்றத்தில் நான் விட்டுவந்த குடையைக் கொடுக்க. கம்பி ஒன்று உடைந்திருந்ததை நூல் சுற்றிக் கட்டியிருந்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்தார், கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போதும் "வாங்க" என்று சொல்லவில்லை. அந்த ஞாயிறு நான் போய் நாற்காலி அடுக்கினேன்.

மூன்றாவது பெஞ்ச்

சரி, கையைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பொருளாளர் விஷயத்தை வாங்க மாட்டேன்.

பழைய செயலாளர்

குடை தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்தேன். கையைத் தூக்கிய அந்தத் தம்பியின் போன் நம்பர் இருக்கிறது. கடைசி எண் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை, என் கையெழுத்து அப்படி. இரண்டுக்கும் போட்டுப் பார்க்கிறேன்.