மறு: மறு: மேல்தொட்டிக் கருவி வசூல்

பர்மாவில் மோல்மேன் மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு என்ன கருவி வாங்க வசூல் பண்ணுவது என்ற பேச்சுக்கு என் பதில்.

தங்கச்சி ஊரில் பார்த்து எழுதியது இதுதான்: ராத்திரி தொட்டி வழிகிறது, காலையில் கீழத்தெருக் குழாயில் காத்துதான் வருகிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று அளக்காமல் புதுக் குழாய்க்குக் காசு கேட்டால் யாரும் தரக்கூடாது.

தண்ணீர் மட்டம் அளக்க, மூடிக்கு அடியில் மாட்டும் ஒலியலை சென்சார் வேண்டாம். மலிவுதான், ஆனால் மூடியில் வேர்க்கிற நீர் அதன் முகத்தில் படிந்தால் கண்டபடி காட்டும். தண்ணீருக்குள் தொங்கவிடும் அழுத்த சென்சார் வாங்குங்கள்: 0–5 மீட்டர் நீர் உயரத்தை 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகக் காட்டும். 3 மீட்டர் நீர் நின்றால் 13.6, தொட்டி காலியானால் 4, வயர் அறுந்தால் 0. அதன் கேபிளுக்குள் மெல்லிய காத்துக்குழாய் ஓடும். அந்த முனை ஈரமானால் அளவு தவறும், நம்மூர் மழையில் ஈரமாகாமல் இருக்காது. சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் முடியுங்கள்.

இறங்குகிற 2 அங்குலக் குழாயில் 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் (மின்துடிப்பு) தரும் தண்ணீர் மீட்டர். அதற்கு முன்னால் 20 அங்குலம், பின்னால் 10 அங்குலம் வளைவில்லாத குழாய் வேண்டும். குழாய்க்கிணற்று இரும்புச் சேறு மீட்டரை அடைக்கும், வடிகட்டி கட்டாயம். ராத்திரி 2 முதல் 4 மணி வரை கவனியுங்கள், அப்போது ஓடுவது பெரும்பாலும் கசிவுதான். மணிக்கு 60 பல்ஸ் என்றால் 600 லிட்டர், அதே வேகத்தில் நாளுக்கு 14,400. பீப்பாய்க்குக் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்குகிறவர்கள் கணக்கும் இதில் சேரும். யாரென்று எழுத வேண்டியதில்லை.

இணையம் நிற்கிற நாள் உண்டு, அளவை அனுப்ப எஸ்எம்எஸ் போதும். தொட்டிதான் ஊரிலேயே உயரம், இடி விழலாம், எர்த் போடாமல் எதையும் மாட்டாதீர்கள்.

*

தம்பி, சிம் கார்டு மாசக் காசு யார் தலையில்? பேட்டரி செத்தால்? மோட்டார் மாத்தின பில்லே இன்னும் வரவில்லை. மூணு கடை விலை, பொருளாளர் கையெழுத்து, இரண்டும் இல்லாமல் ஒரு கியாட் கிடையாது.

*

மாமா, திருவிழாவுக்கு ரங்கூனிலிருந்து ஜனம் வரும்போது கோயில் வாசலில் வாளி வரிசை நிற்குது. அது உங்களுக்கு அவமானமாத் தெரியலையா? பழைய கிணத்துத் தண்ணியில பருப்பு ஒரு கொதியில வெந்துடும். அதைத் தூர்த்தது யார்னு இங்கேயே கேட்கட்டுமா?

*

அக்கா, கிணறு பிறகு. மாமா கேட்டது நியாயம், அதனால் முதலில் காசில்லாத சோதனை.

வட்டத்தொட்டி, குறுக்களவு 3 மீட்டர். 1 செ.மீ. இறங்கினால் 70 லிட்டர். ராத்திரி 2 மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்குள் கம்பை விட்டு நனைந்த இடத்தில் கோடு போடுங்கள், 4 மணிக்கு இன்னொன்று. மறுநாள் கீழத்தெரு வால்வை மட்டும் மூடிவிட்டு அதே மாதிரி. முதல் ராத்திரி 17 செ.மீ. இறங்கி, மறுநாள் அசையாமல் நின்றால் கசிவு கீழத்தெருவில். அப்போது மீட்டருக்கு வசூல் பண்ணலாம். இரண்டு நாளும் இறங்கவில்லையா, அது அடைப்பு. கடைசி முனையைத் திறந்து சேற்றைக் கழுவிவிட்டு, வழிவதை நிறுத்த மோட்டாருக்கு ஒரு மிதவை சுவிட்ச் போட்டால் போதும், மீட்டர் வாங்கவே வேண்டாம்.