கடற்கரை மேடையில் ஓரங்க நாடக விழா: 10 நிமிஷத்துல செட், காத்து, மைக் – எதெல்லாம் முன்கூட்டியே பார்க்கணும்?

தங்கச்சிமடம்_குழு:
வணக்கம். மே கடைசி வாரம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல, வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) ஓரமா, திறந்தவெளியில ஓரங்க நாடக விழா. நாங்களும் பேர் கொடுத்திருக்கோம். நடிக்கிறவங்க 9 பேர், பின்னால வேலைக்கு 4 பேர். மீன்பிடித் தடைக்காலம்கிறதால விசைப்படகுப் பசங்க எல்லாரும் ஊர்லதான் இருக்காங்க, ஒத்திகைக்கு ஆள் பிரச்சினை இல்ல. கோயில் திருவிழா மேடை எல்லாருக்கும் பழக்கம். போட்டி விழா புதுசு.

விதித்தாள்ல இருக்கிறது: நாடகம் 40 நிமிஷம் தாண்டக் கூடாது. செட் போட 10, பிரிக்க 5 நிமிஷம். மேடை 24 அடி அகலம், 18 அடி ஆழம். லைட்டும் மைக்கும் எல்லாருக்கும் பொதுவா அவங்களே தர்றாங்க. ஒரு நாளைக்கு 5 குழு, சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பம். டிக்கெட் 50 ரூபா.

கதை ஒரு வீட்டு வாசல்லயும் கரையிலயும் நடக்குது. 20க்கு 12 அடியில கடல் வரைஞ்ச படுதா, ப்ளைவுட்ல வீட்டு முகப்பு, ஒரு வத்தையோட (சின்ன நாட்டுப்படகு) முன்பக்கம் – இதுதான் செட். 10 நிமிஷத்துல முடியுமா? காலர் மைக் நாங்க தனியா வாடகைக்கு எடுக்கணுமா? விழாக்காரங்ககிட்ட வேற என்ன கேட்டு வச்சுக்கிறணும்?

சைடுவிங்:
முதல்ல அந்தப் படுதாவை விட்டுருங்க. 20க்கு 12ன்னா 22 சதுர மீட்டர் துணி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா அடிச்சா, அது மேல விழுற தள்ளு கிட்டத்தட்ட 130 கிலோ. மே கடைசியில மண்டபத்துல அந்த வேகம் அதிசயமே கிடையாது. கட்டின சவுக்குக் கட்டை சாயும். சாயலைன்னாலும் துணி படபடன்னு அடிச்சு வசனத்தை முழுங்கிரும். அங்கங்க கிழிச்சு விட்டா காத்து போயிரும்னு சொல்லுவாங்க. பேனருக்கு அது சரி. வரைஞ்ச படுதாவுல பின்னால வெளிச்சம் பட்டா ஒவ்வொரு கிழிசலும் தனித்தனியா தெரியும்.

கரையில நடக்கிற கதைதானே, ஒரு வலையைக் காயப்போட்ட மாதிரி தொங்க விடுங்க. காத்து உள்ள பூந்து போயிரும். கீழ்க்கயித்துல ஈயக்குண்டு கோத்த வலையா எடுத்தா தானா இழுத்துப் பிடிச்சு நிக்கும், தனியாக் கல் கட்ட வேண்டியதில்ல. சைடுல இருந்து லைட் விழுந்தா கண்ணி கண்ணியா நிழல் விழுகும், அந்த அழகு எந்தப் படுதாவுலயும் வராது. ஒண்ணு மட்டும்: ஆள் வந்து போற வழியில இருந்து 2 அடி தள்ளிக் கட்டுங்க. கொலுசு, ஹேர்பின், சேலை முந்தி எல்லாம் வலையில மாட்டும்.

வீட்டு முகப்புக்கும் அதே கணக்குதான். 8க்கு 4 ப்ளைவுட் தட்டி ஒண்ணு அதே காத்துல 18 கிலோ தள்ளு வாங்கும், அதுவும் 4 அடி உயரத்துல. பின்னால 3 அடி நீளத்துக்கு முட்டு கொடுத்து, தட்டி ஒண்ணுக்கு 25 கிலோ மணல் மூட்டை ரெண்டு வச்சாத்தான் நம்பி நடிக்கலாம். 3 தட்டின்னா 6 மூட்டை. 10 நிமிஷத்துல 150 கிலோ மணலை யார் சுமக்கிறது? முகப்பை எடுத்துட்டு வெறும் வாசல்நிலை, ஒரு திண்ணை, அவ்வளவோட நிறுத்துங்க. நிலைக்கு ரெண்டு மூட்டை போதும். சாக்கை மட்டும் கொண்டு போங்க, மணல் அங்கயே கிடக்கு. முந்தின குழு நடிக்கும்போதே அரை மூட்டை அரை மூட்டையா ரொப்பிக் கட்டி வச்சிரணும். மேடைப் பலகையில ஆணி அடிக்கலாமான்னு கேட்டுக்கங்க. வாடகைப் பலகையா இருந்தா விட மாட்டாங்க.

வத்தை முன்பக்கம் இருக்கட்டும், கண்ணுக்கு நிக்கிறது அதுதான். தெர்மாகோல்ல செஞ்சுராதீங்க, பறந்துரும். சக்கரம் வைக்கிறதா இருந்தா 4 அங்குலத்துக்குக் குறைஞ்சது வேணாம். சின்னச் சக்கரம் பலகை இடுக்குல இறங்கி நின்னுரும்.

அந்த 10 நிமிஷத்தைத் தனியா ஒத்திகை பாருங்க. தரையில 24க்கு 18 கயிறு கட்டி, வெளிய எல்லாச் சாமானையும் ஏத்துற வரிசையில அடுக்கி, ஸ்டாப்வாட்ச் போட்டு. யார் கையில எதுன்னு பேர் எழுதி ஒட்டியிருக்கணும். 5 நிமிஷத்துல செட் நின்னுரணும். மிச்ச 5ம் லைட்டுக்கும் மைக்குக்கும் பொருள் சரிபார்க்கவும். வேஷம் போட்டவங்க சாமான் தூக்கக் கூடாது, வேர்வையில மேக்கப் போயிரும். பெரும்பாலான குழு இங்கதான் சறுக்குது: 13 பேரும் மேடைக்கு ஓடி வருவாங்க, நாலு பேர் வேலை செய்வாங்க, மத்தவங்க யோசனை சொல்லுவாங்க.

40 நிமிஷம்னா ஒத்திகையில 36, 37ல முடியணும். கைதட்டலும் சிரிப்பும் மிச்சத்தை எடுத்துக்கும். கடிகாரம் எப்பத் தொடங்குது, திரை விலகும்போதா, முதல் இசையிலயா, அறிவிப்பாளர் பேசும்போதேவான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. தாண்டினா மார்க் குறைப்பா, தகுதி நீக்கமான்னும் கேளுங்க.

இன்னொரு கணக்கு. ஒரு குழுவுக்கு 55 நிமிஷம். 5 குழுவுக்கு 275 நிமிஷம், அதாவது 4 மணி 35 நிமிஷம். 6 மணிக்கு அச்சுப் பிசகாம ஆரம்பிச்சாலே 10.35 ஆகும். ஒலி மாசு விதி (2000) படி ராத்திரி 10 மணிக்கு மேல திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. அரசு குறிப்பிட்ட நாளைக்கு மட்டும் 12 வரைக்கும் தளர்த்தலாம். அந்தத் தளர்வு கையில இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அஞ்சாவது இடம் விழுந்த குழு மைக் இல்லாம நடிக்கும். முதல் இடமும் வேணாம்: அந்த வாரத்துல ஆறரை வாக்குலதான் பொழுது அடையும், வெளிச்சம் முழுசா அடங்க இன்னும் 20 நிமிஷம். 6.10க்கு உங்க நீல லைட் யார் கண்ணுக்கும் தெரியாது. ரெண்டாவதோ மூணாவதோ கேட்டு வாங்கப் பாருங்க, குலுக்கல்னா வேற வழியில்ல.

மைக்செட்_உச்சிப்புளி:
சைடுவிங் அண்ணன் ஒண்ணை விட்டுட்டாரு. மேடை எந்தப் பக்கம் பார்த்து நிக்குது? கடல் பின்னணியில இருந்தா அழகுன்னு மேடை முதுகைக் கடலுக்குக் கொடுத்துருவாங்க. வடகடல் ஓரத்துல அப்படிப் போட்டா, கச்சான்கிற பருவக்காத்து தெற்கு, மேற்கு வாக்குல இருந்து வர்ற நேரத்துல காத்து ஜனங்க முதுகுல பட்டு நடிக்கிறவங்க வாய்க்குள்ள அடிக்கும். மைக்ல டம் டம்னு இடிக்கும், குரலும் பின்னால போயிரும். இதே ஏற்பாடு தென்கடல் பக்கம்னா காத்து பின்னால இருந்து வந்து குரலைக் கொண்டு போய்ச் சேர்க்கும். மேடை இன்னும் போடலைன்னா கிழக்கப் பார்த்துத் திருப்பச் சொல்லிப் பாருங்க. எல்லாக் குழுவும் சேர்ந்து கேட்டாத்தான் நடக்கும்.

காலர் மைக் வேணாம். 9 பேருக்கு 9 செட்டு, 9 அலைவரிசை, 9 பேட்டரி. 10 நிமிஷத்துல மாட்டி லெவல் பார்க்கவே முடியாது. அடுத்த குழுவும் வாடகைக்கு எடுத்துட்டு வந்தா ரெண்டு செட்டும் ஒரே அலைவரிசையில மோதும். வேர்வை இறங்கி ஒண்ணு செத்தா அந்த ஒரு ஆள் மட்டும் ஊமையாயிருவாரு, எல்லாரும் சமமாக் கேக்காம இருக்கிறதை விட அது மோசம். மேல தொங்குற மைக்கும் இந்தக் காத்துக்கு ஆகாது.

முன்விளிம்புல தரை மைக் மூணு: இடது ஓரத்துல இருந்து 6, 12, 18 அடியில. ஒவ்வொண்ணுக்கும் கனமான ஸ்பாஞ்சு, மேல ரோம உறை. அடியில ஒரு இஞ்ச் ஸ்பாஞ்சுத் துண்டு போடாட்டி, பலகையில நடக்கிற சத்தம்தான் வசனத்தை விடப் பெருசாக் கேக்கும். மிக்ஸர்ல லோ கட் பட்டனை அமுக்கச் சொல்லுங்க, காத்து இடி பாதி குறையும். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால, ஜனங்க பக்கம் தள்ளி இருக்கணும். பின்னால வச்சா கூவும். முக்கிய வசனம் எல்லாம் மேடை முன்பாதியில, முகத்தைத் திருப்பாம. அதையும் மீறி ஒரு ஆள் வத்தைக்குள்ள உக்காந்து பேசணும்னா, வத்தைக்குள்ளயே ஒரு மைக்கை மறைச்சு வைங்க.

இசையைப் பென்டிரைவ்ல கொடுக்கிறவங்க கவனிக்க: ப்ளேயர் ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்ததுக்குத் தானாப் போயிரும். சாவு வீட்டுக் காட்சியில கல்யாண நாதஸ்வரம் வர்றது இதனாலதான். ஃபைலுக்கு 01, 02ன்னு நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 3 நிமிஷ வெறும் சத்தமில்லாத ஃபைல் ஒண்ணு வைங்க. ரெண்டு பென்டிரைவ். போன்ல இருந்து போடுறதா இருந்தா ஏரோபிளேன் மோடு. ஆபரேட்டர் பக்கத்துல உங்க ஆள் ஒருத்தர் ஸ்கிரிப்டோட உக்காரணும். ஆபரேட்டருக்கு உங்க நாடகம் தெரியாது.

லைட்டுக்கு 10, 12 க்யூ (லைட் மாத்துற இடம்) போதும். முழு இருட்டை நம்பிக் காட்சி மாத்தாதீங்க. நிலா இருக்கும், கடை லைட் இருக்கும், செத்தவர் எந்திரிச்சுப் போறது நல்லாத் தெரியும்.

சொந்தமா ஏதாவது லைட் கொண்டு போறீங்கன்னா முதல்ல எர்த் பாருங்க. காஞ்ச மணல்ல அடிச்ச கம்பி சும்மா பேருக்குத்தான். ஈரம் தட்டுற ஆழத்துக்கு இறக்கி, சுத்தித் தண்ணி ஊத்தியிருக்கணும், லைன்ல 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் இருக்கணும். ரெண்டும் இல்லாத மேடையில இரும்புச் சட்டம், இரும்புப் படிக்கட்டு எதுலயும் வயர் சுத்த விடாதீங்க. உப்புக் காத்துல ஜாக் பின் ஒரே நாள்ல கருத்துரும், கரகரன்னு சத்தம் வந்தா ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க.

பெரியபட்டினம்_நாடகம்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்களும் அதே விழாவுக்கு வர்றோம். எங்களுக்குச் சொந்தக் கதை இல்ல, பழைய நாடகம் ஒண்ணைச் சுருக்கிப் போடலாம்னு. எழுதினவங்க அனுமதி வேணுமா? போலீஸ்ல ஸ்கிரிப்ட் காட்டணும்னு வேற ஒருத்தர் சொல்றாரு.

ஏட்டுப்பிரதி:
பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ல அமெச்சூர் குழுக்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது பணம் கட்டாத பார்வையாளர்கள் முன் நடிப்பதற்கு, அல்லது ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காக நடிப்பதற்கு மட்டும். இங்கே 50 ரூபாய் டிக்கெட். ஆகவே விலக்கை நம்பாதீர்கள்.

ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் காலமானவர், எப்போதோ பொதுவுடைமை. பம்மல் சம்பந்த முதலியார் 1964ல் காலமானார். அவர் நாடகங்கள் 2025 ஜனவரி 1 முதல் யாரும் போடலாம், சுருக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் தடையில்லை. மற்றவற்றுக்கு ஆசிரியரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விழாவின் பெயர், தேதி, எத்தனை காட்சி, சுருக்க அனுமதி ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். அதிகம் மறக்கப்படுவது அந்த நான்காவது. சினிமாப் பாட்டுப் பதிவை ஓடவிடுவது தனி உரிமை. ஆர்மோனியமும் டோலக்கும் வைத்து மெட்டைச் சொந்தமாகப் போட்டுக்கொண்டால் அந்தத் தலைவலியே இல்லை.

போலீஸ் விஷயம்: 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முன்தணிக்கைப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்குவது விழா நடத்துபவர்கள் வேலை. நாடகத்தில் அரிவாள், துப்பாக்கி மாதிரி, தீப்பந்தம் இருந்தால் மட்டும் அவர்களிடம் முன்பே எழுதிக் கொடுங்கள். தீப்பந்தத்தை அந்தக் காற்றில் அவர்கள் அனுமதித்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

அரிதாரம்:
மேக்கப் பக்கம் யாரும் பேசலையே. ஒட்டு மீசை, தாடி வைக்கிறவங்க முகத்தை ஸ்பிரிட்டால துடைச்சு, கம் தடவி, பிசுபிசுன்னு வர்ற வரைக்கும் பொறுத்துட்டு அப்புறம் அமுக்குங்க. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா இந்தப் புழுக்கத்துல ரெண்டாவது காட்சியில தொங்கும். பான்கேக் (முகப்பூச்சு) மெல்லிசா ஒரே பூச்சு, மேல பவுடர் ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது.

கலைக்கிறதுக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், பழைய வேட்டித் துணி. கரையோர ஊர்ல கிணத்துத் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது, முகத்துல சாயம் அப்படியே அப்பிக்கிரும். குடிக்க, முகம் கழுவ எல்லாத்துக்கும் 13 பேருக்கு 20 லிட்டர் கேன் மூணு கொண்டு போயிருங்க. பெண்களுக்கு உடை மாத்த மறைப்பு இருக்கான்னு போன்ல கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நாலு சேலையும் கயிறும் கிளிப்பும் எடுத்துட்டுப் போங்க.

வண்டி: குட்டியானைத் தொட்டி 7 அடி சொச்சம் நீளம், அஞ்சடிக்குக் கொஞ்சம் குறைவா அகலம். வாசல்நிலை 7 அடிக்குள்ள இருந்தா கதவை மூடியே போகலாம். எதையும் நிமித்தி வச்சுக் கட்டாதீங்க, பாம்பன் பாலத்து மேல காத்து பிடுங்கும். படுக்கப் போட்டு மேல வலையைப் போட்டு இறுக்குங்க. சனி ஞாயிறுல பாலத்து மேல வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவங்க கூட்டம் ஜாஸ்தி. உங்க முறைக்கு 3 மணி நேரம் முன்னாலயே பாலத்தைத் தாண்டிருங்க.

தங்கச்சிமடம்_குழு:
எல்லாருக்கும் நன்றி. படுதாவை விட்டாச்சு, வலைதான். ஒண்ணு மட்டும் கேக்கணும்: ஜெயிச்சா அடுத்த சுற்று ஜூன் கடைசியில மதுரையிலன்னு சொல்றாங்க. அதுக்கு இப்பவே ஏதாவது செய்யணுமா?

சைடுவிங்:
செய்யணும். தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோட முடியுது. அதுக்கப்புறம் உங்க 9 பேர்ல எத்தனை பேர் கடலுக்குப் போவாங்கன்னு இப்பவே எண்ணிருங்க. அந்த வேஷத்துக்கெல்லாம் கரையில இருக்கிற ஒரு ஆளை வசனம் பாடம் பண்ண வைங்க. பின்னால வேலை பார்க்கிற 4 பேர்ல இருந்தே எடுக்கலாம், தினமும் கேட்டுக் கேட்டு அவங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும். ஆள் மாத்த விதி இடம் கொடுக்குதான்னு பாருங்க. சில விழாவுல முதல்ல கொடுத்த பட்டியல்ல இருக்கிற பேர்தான் செல்லும். அப்படின்னா மாத்து ஆள் பேரையும் இப்பக் கொடுக்கிற பட்டியல்லயே சேர்த்துக் கொடுத்துருங்க. மதுரையில உள்ளரங்கமா இருந்தா வலைக்குப் பின்னால கருப்புத் துணி ஒண்ணு வேணும், அதை அவங்க தர்றாங்களான்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க.