புதுப்பிப்பு: தர்பூசணிக் கொழுந்து சுருங்கியது உப்புத் தண்ணீரால் இல்லை, வைரஸ்தான்

தேவிபட்டினம் பக்கம் எங்கள் தர்பூசணிக் கொடியில் இலை சுருங்குகிறது, உப்புத் தண்ணீரா நோயா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"அடி இலையை விடுங்க, நுனிக் கொழுந்தைப் பாருங்க" என்று சாயல்குடி அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. உப்பு என்றால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். இங்கே கொழுந்துதான் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, கொப்புளம் போல மேடு தட்டியிருந்தது. மொசைக் வைரஸ். இலையைத் திருப்பினால் அடியில், இந்த வைரஸைப் பரப்பும் சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்தது.

வைரஸுக்கு மருந்து கிடையாது. 14 கொடிகளைப் பிடுங்கிப் புதைத்தோம். எதிர்பாராத விஷயம், வேலியோரம் தானாக முளைத்த பூசணியிலும் அதே திட்டு! அதையும் எடுத்தோம். அப்புறம் மூன்று வாரமாகப் புதுக்கொடி எதிலும் வரவில்லை.