வளவில் குருவி பார்ப்பதை அயலவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கொக்குவிலான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வளவில் வேம்பு, மா, முருங்கை, வேலியோரம் சில வடலிகள் என்று மரங்கள் நிற்பதால் காலையிலும் பின்னேரத்திலும் குருவிகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் பார்த்து, எந்த இனம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தன என்று கொப்பியில் எழுதிவைப்பது என் பொழுதுபோக்கு. ஒழுங்கையால் போகிறவர்கள் "எத்தனை பிடித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள், பிடிப்பதில்லை என்றால், பிறகு எதற்காகப் பார்க்கிறீர்கள் என்கிறார்கள். கலியாண வயதில் குருவிக்குப் பின்னால் திரிகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது சொந்தக்காரரின் கவலை. மரநிழலில் மண்சட்டியில் தண்ணீர் வைப்பதால் டெங்கு பரப்புகிறேன் என்ற பேச்சும் உண்டு.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்துவிடுகிறேன். ஆனால் நான் பைனாகுலர் வாங்கிய பிறகு, பக்கத்து வளவுக்காரர் என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் வேலிக்கு மேலாகத் தகரம் அடித்துவிட்டார். புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, அது வந்து கொத்தும் வரைக்கும் மதிலையே பார்த்துக்கொண்டு நிற்பவரை எவரும் சந்தேகிப்பதில்லை. அதே மதிலில் இருக்கும் புலுனியை நான் பார்த்தால் மட்டும் ஏன் இப்படி? இதைச் சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கரவெட்டி ரீச்சர்:

தம்பி, நீங்கள் இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். "எத்தனை பிடித்தீர்கள்" என்பது வெறும் அறியாமை. கௌதாரி கறிச்சட்டிக்குப் போனதையும், பனைப்பொந்திலிருந்த கிளிக்குஞ்சு கூண்டுக்குள் போனதையும் பார்த்து வளர்ந்த ஊரில், குருவிக்குப் பின்னால் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நாலு பேருக்குக் கொப்பியைத் திறந்து காட்டினால் அந்தக் கேள்வி தானாகக் குறைந்துவிடும்.

தகரம் அடித்தவருடைய விடயம் அப்படியல்ல. எங்கள் வீடுகளில் கிணறு திறந்த வளவுக்குள் இருக்கிறது. பெண்கள் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கிணற்றடித் தண்ணீர் வாழைப்பாத்திக்கு ஓடுகிற இடமாகையால் குருவிகள் அதிகம் கூடுவதும் அங்கேதான். நீங்கள் செண்பகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும், கண்ணாடி திரும்பியிருக்கும் திசை அவர்களுடைய கிணறாக இருந்தால், அவர்கள் பயப்படுவதைத் தவறான புரிதல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று வேலிக்கு அப்பால் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதோடு, 2009 வரைக்கும் பைனாகுலரைக் காவலரணில் மட்டுமே கண்ட தலைமுறை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கண்ணாடி தங்கள் பக்கம் திரும்பினால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குருவியாக இருக்காது.

ஆகவே விளக்கத்தை விட, இருக்கும் இடத்தை மாற்றுங்கள். அவர்களுடைய கிணற்றுக்கு முதுகு காட்டிக் கதிரையைப் போடுங்கள். தண்ணீர்ச் சட்டியை உங்கள் வீட்டுச் சுவருக்குப் பக்கமாக வைத்தால் குருவிகள் அங்கே வரும். அந்தத் தூரத்துக்குப் பைனாகுலரே தேவையில்லை. பிறகு ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாயையும் அருகில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுத்துத் தேன்சிட்டைப் பார்க்க விடுங்கள். தகரத்தை உடனே கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

அரியாலையூர்:

ரீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் சுகாதாரத் துறையில் வேலை செய்பவன் என்பதால் சட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. டெங்கு நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். எனவே தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை மண்ணில் கவிழ்த்து, உட்சுவரைத் தும்பால் நன்றாக உரஞ்சிக் கழுவ வேண்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்; சின்னக் குருவிகளுக்கும் அதுவே நல்லது. டெங்கு அதிகரிக்கும் மாரி காலத்தில், கார்த்திகை முதல் தை வரைக்கும், சட்டியை எடுத்துவிடுங்கள். அப்போது எங்கும் தண்ணீர் நிற்பதால் குருவிகளுக்கு உங்களுடைய சட்டி தேவைப்படாது. பரிசோதகர் வரும்போது கழுவிய சட்டியைக் காட்டினால் பேச்சும் அடங்கும்.

திருநெல்வேலி மாணவி:

அண்ணா, "எதற்காகப் பார்க்கிறீர்கள்" என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. எங்கள் பகுதியில் பொன்மஞ்சள் முதுகோடு ஒரு மரங்கொத்தி இருக்கிறது. அதன் துணையினத்தின் அறிவியற் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது. தெற்கே போனால் சிவந்த முதுகுடைய மரங்கொத்தி. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில் அவை கலந்து, செம்மஞ்சள் முதுகோடு கலப்பினங்கள் உண்டாகின்றன. எந்த ஊரில் எந்த நிறம் என்பதை நாடெங்கும் ஒரே ஆய்வாளர் போய்ப் பார்க்க முடியாது. வளவில் இருந்து எழுதும் உங்களைப் போன்றவர்களின் குறிப்பு அங்கேதான் உதவும். ஆறுமணிக்குருவியும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து ஐப்பசியளவில் வந்து, சித்திரைக்குள் திரும்பிவிடும் அந்தக் குருவி, பயணக் களைப்பில் வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. ஆண்டுதோறும் முதலில் கண்ட திகதியை எழுதிவைத்தாலே அது ஒரு தரவு.

அமெரிக்காவில் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஓடுபன் சங்கமும் 1998இல் தொடங்கிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. மாசி மாதத்தில் நான்கு நாட்கள் நடக்கும். குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் இருந்து எண்ணினால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால், ரீச்சர் சொன்ன வேலையும் முடிந்துவிடும். பெண் கொடுக்கும் விடயத்தில் மட்டும் என்னால் உதவ முடியாது.

கொக்குவிலான்:

அனைவருக்கும் நன்றி. கதிரையை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டேன். சட்டி சுவரோரம் போகிறது. தங்கச்சி, அந்தக் கணக்கெடுப்புக்காக ஈபேர்ட் (eBird) என்ற பறவைக் குறிப்பு இணையத்தளத்தில் பதிவு செய்தால் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடாதா? வீட்டில் அம்மா தனியாக இருக்கும் நேரங்கள் உண்டு.

திருநெல்வேலி மாணவி:

இடத்துக்குப் பெயர் கேட்கும்போது வீட்டு முகவரியையோ உங்கள் பெயரையோ இடாமல், "கொக்குவில்" என்று மட்டும் எழுதுங்கள். வரைபடத்திலும் புள்ளியை வளவுக்குள் வைக்காமல் ஊரின் பொதுவான ஓர் இடத்தில் வைக்கலாம். அதுவும் போதாது என்று தோன்றினால், அந்தப் பட்டியலை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துவைக்கும் வசதியும் தளத்தில் இருக்கிறது.