ஆச்சி மனோரமாவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மனோரமா என்றதும் ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், கின்னஸில் இடம்பெற்றவர், ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்று கணக்குச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அவரை மேடையிலோ வெளியிலோ கண்ணால் கண்டவர்கள் இங்கே இருந்தால், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன்.

என் அப்பா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கலைவிழாவுக்கு என்னையும் அழைத்துப்போனார். அன்று ஆச்சி ஒரு சிறிய நகைச்சுவை நாடகத்தில் நடித்தார். முன்வரிசையில் இடம் இல்லாததால் என்னைப் பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் கூட்டம் பார்த்த மனோரமாவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

ஒரு வசனம் சொன்னார். பந்தல் அதிரும்படி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும்வரை அவர் சும்மா நிற்கவில்லை. முந்தானையை உதறிச் செருகினார். கீழே எதுவும் விழாதபோதே குனிந்து தேடினார். எதிரே நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பு தணிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாய் மிச்சம் இருந்தபோது அடுத்த வசனத்தை எடுத்தார். மறுபடியும் பந்தல் அதிர்ந்தது. அரைமணி நேரம் இதே வித்தை. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா விளக்கினார்: "சிரிப்பு முழுக்க அடங்கிவிட்டால் மேடை குளிர்ந்துபோகும். அடங்குவதற்கு முன் பேசினால் வசனம் யார் காதிலும் விழாது. நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் தொழில்."

கோபிசாந்தா என்ற சிறுமி பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறி, அங்கேயே மனோரமா என்ற பெயரையும் பெற்றார். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் கதாநாயகியாக நடித்தார். அப்படிப்பட்டவரை 1958இல் 'மாலையிட்ட மங்கை' படத்துக்காக நகைச்சுவை வேடத்துக்கு அழைத்தவர் கண்ணதாசன். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் திரையில் அந்த இடம் அவருக்கு நிலைக்கவில்லை. அழகுக்குத் தமிழ் சினிமா வைத்திருந்த அளவுகோல்தான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியை அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவள் நாடகக்காரி. மனோரமா அங்கே தம் பழைய வாழ்க்கையைத்தான் நடிக்கிறார். இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் நாடகத்திலிருந்து வந்தவர். படப்பிடிப்பில் சிரிக்கக் கூட்டம் கிடையாது. ஆனாலும் வசனத்துக்கு வசனம் அந்த ஒரு மூச்சு இருக்கிறது. கொட்டகையில் எங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்து, அதற்கு இடம் விட்டு நடித்திருக்கிறார்.

காரைக்குடிப் பக்கத்து உறுப்பினர்:
நான் அவரைப் பார்த்ததில்லை. என் அப்பத்தா பார்த்திருக்கிறார். பிறந்தது மன்னார்குடி (1937) என்றாலும், ஆச்சி வளர்ந்தது எங்கள் பக்கம், பள்ளத்தூரில். செட்டிநாட்டில் பெரிய வீட்டுப் பெண்களை ஆச்சி என்று அழைப்பது வழக்கம். மனோரமாவின் தாயார் ராமாமிர்தம், கணவர் கைவிட்ட நிலையில், வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். அத்தகைய வீட்டிலிருந்து வந்த பெண்ணைத் தமிழ்நாடே ஆச்சி என்று கூப்பிட்டதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தாவுக்குக் குரல் தழுதழுக்கும். அவர் வாயிலிருந்து 'நடிகை மனோரமா' என்று ஒருநாளும் வந்ததில்லை. 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்பார்.

மற்றோர் உறுப்பினர்:
மேலே உள்ளதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவும் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தபோது, அவர் வேலை செய்த வீட்டுக்காரர்கள் டிக்கெட் வாங்கிக் கொடுத்து எங்களை அனுப்பினார்கள். படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக ஆச்சி. "கம்முனு கெட" என்று அவர் பேசும் காட்சிக்குக் கொட்டகையே கைதட்டியது. என் அம்மா கைதட்டவில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "புடவையை எப்படித் தூக்கிச் செருகியிருக்கிறாள் பார்த்தாயா? வேலை செய்கிறவளுக்குத்தான் அப்படிச் செருகத் தெரியும்" என்றார். ஆச்சியின் தாயார் என்ன வேலை செய்தார் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கே வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

சென்னை உறுப்பினர்:
2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் இரவுதான் அவர் மறைந்தார். தியாகராய நகரில் அவர் வீட்டை நோக்கிய கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருவர் 'சின்னத் தம்பி' அம்மாவைப் பற்றிச் சொல்ல, மற்றவர் 'சின்னக் கவுண்டர்' அம்மாவைப் பற்றிச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுற்றி நின்ற எல்லோரும் ஆளுக்கொரு அம்மாவைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்ன அம்மாவை மற்றவர் சொல்லவில்லை. உள்ளே போய் நான் முகத்தைப் பார்த்தது இரண்டு நொடி இருக்கும்.

நாடகக் குழுவில் இருக்கும் உறுப்பினர்:
அந்த ஒரு மூச்சைப் பற்றி எழுதியவருக்கு என் வணக்கம். அதோடு பேச்சு வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே' என்று சென்னைத் தமிழில் பாடியவர், 'சூரியகாந்தி'யில் 'தெரியாதோ நோக்கு' என்று அக்கிரகாரத்துத் தமிழில் பாடினார். இரண்டும் அவருடைய சொந்தக் குரல். எங்கள் குழுவில் வட்டார வழக்குப் பயிற்சிக்கு இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். சொற்கள் மாறுவதை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தாடையும் மூக்கும் வேலை செய்யும் விதமே மாறுகிறது என்பதைப் பிடிக்க இரண்டு நாள் ஆகும். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ எல்லாம் வந்தன, மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் குரலை யாராவது உட்கார்ந்து பாடமாக எழுதியிருக்க வேண்டும்.

தொடங்கியவர்:
எழுதிய எல்லோருக்கும் நன்றி. 'செருகத் தெரியும்' என்ற அந்த அம்மாவின் சொல்லை என் மகளிடம் படித்துக் காட்டினேன். நான் பார்த்த மேடையிலும் அவர் முந்தானையைச் செருகினார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைச் சிரிப்புக்கு இடம் விடும் உத்தி என்று மட்டுமே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது தொலைக்காட்சியில் 'தில்லானா மோகனாம்பாள்' ஓடியது. பார்வை மங்கிவிட்டதால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ரமாமணி பேசி நிறுத்தும் இடங்களில் எல்லாம் அவர் வலக்கை விரல்கள் போர்வையின்மேல் ஓர் ஆர்மோனியக் கட்டையை அழுத்தின. அவள் மறுபடி பேச வாய் திறக்கும் முன்பே விரலை எடுத்துவிட்டார்.