பாட்டியின் எச்சிலை எடுத்து வைக்கலாமா?

லயத்துப் பேத்தி:
பாட்டிக்கு 91 வயசு. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. 1986ல விடியக்காலம் மரம் சீவப் போன சித்தப்பா வீடு திரும்பல. கொன்னு புதைச்சுட்டாங்கன்னு லயமே, அதான் தோட்டக் குடியிருப்பே, பேசுச்சு, உடல் மட்டும் கிடைக்கல. அப்பாவையும் எரிச்சாச்சு, அத்தைங்க யாரும் இல்ல. நாளைக்கு செம்பனைக் காட்டுல எலும்பு கிடைச்சா, அது சித்தப்பாதான்னு எதை வச்சு சொல்றது? டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்க்க பாட்டி எச்சிலைப் பத்திரப்படுத்தணும்.

செம்பனைக்காரன்:
வேண்டாம் தங்கச்சி. பாட்டி எச்சில்ல மொத்தக் குடும்பமும் இருக்கு. 2018ல கலிபோர்னியாவுல ஜோசப் டிஏஞ்சலோ எப்படி மாட்டினான்? தூரத்துச் சொந்தங்க வம்சாவளி தேடி ஜெட்மேட்ச் மாதிரி டிஎன்ஏ இணையத்தளங்கள்ல போட்ட விவரத்தாலதானே!

லயத்துப் பேத்தி:
அவன் 13 பேரைக் கொன்னவன் அண்ணே! செத்தவங்க குடும்பம் எத்தனை வருஷம் காத்துக் கிடந்துச்சு?

செம்பனைக்காரன்:
அவன் மாட்டினது நியாயம்தான். ஆனா அமெரிக்காவுல ஐடாஹோ ஃபால்ஸ்ல 1996ல நடந்த கொலைக்கு, எப்பவோ அப்பா ஆராய்ச்சிக்குக் கொடுத்த மாதிரியை வச்சு 2014ல மகனைச் சந்தேகப்பட்டாங்க. அவர் டிஎன்ஏ பொருந்தலன்னு தெரியுற வரைக்கும் சுமார் ஒரு மாசம் அந்த மனுஷன் பட்ட பாடு? நம்மள்ல மாமன் மகள், அத்தை மகன்னு தலைமுறையா கட்டிக்கிட்டவங்க அதிகம். தூரத்துச் சொந்தம்கூட நெருங்கின சொந்தமா காட்டும்.

ஆய்வுக்கூட மீனா:
ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. எடுத்து வைக்கிறது வேற, இணையத்துல ஏத்துறது வேற. பழைய எலும்புல பல சமயம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான் மிஞ்சும். அது தாய் வழியாத்தான் வரும். மகன் வழிப் பேத்தி உங்ககிட்ட பாட்டியோடது இல்ல. பொண்ணுங்கிறதால, அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு மட்டும் வர்ற சித்தப்பாவோட ஒய் குரோமோசோமும் இல்ல. பாட்டி போயிட்டா அந்த வழி அடைஞ்சுடும், சாம்பல்ல தேட முடியாது. கன்னத்து உள்பக்கம் பஞ்சால தேய்ச்சு, நல்லா காய வச்சு, காகித உறையில வைங்க. பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடிச்சு வச்சு கெடுத்துடும். ஆனா வீட்டுல எடுத்ததை யார் எடுத்தா, எப்ப எடுத்தான்னு கோர்ட்டுல கேப்பாங்க. மலேசியாவோட 2009 டிஎன்ஏ அடையாளச் சட்டத்துல காணாமப் போனவங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு. பழைய புகார் நகலோட போலீஸ்ல கேளுங்க.

லயத்துப் பேத்தி:
நகல் பாட்டி டிரங்குப் பெட்டியில, சித்தப்பாவோட ஐசி, அதான் அடையாள அட்டை, கூடவே இருக்கு.

செம்பனைக்காரன்:
பெத்தவங்க கேக்குறப்ப நான் என்ன சொல்ல? எடுங்க. ஆனா ஜெட்மேட்ச் பக்கம் மட்டும் போகாதீங்க. உங்க தாத்தாவையும் எங்க தாத்தாவையும் ஒரே ஊர்லேர்ந்து ஒரே கங்காணிதான் கூட்டிட்டு வந்தாரு. உங்க பாட்டியைத் தேடுனா எம்புள்ளையும் சொந்தமா வந்து நிப்பான். அவனுக்கு இப்ப 6 வயசு.